பற்று

முப்பத்தொரு வருஷம் சீவர் ட்வெய்ட்டின் கடையில் கணக்கு எழுதினேன்.
வடக்கு டகோட்டாவில்
ரயில் நிற்காமல் போகும் ஓர் ஊர்.
காலணிக் கடை, ஒரே ஒரு கண்ணாடி ஜன்னல்.

வந்தவர் யாரானாலும் முன்னால் மண்டியிடுவார்,
வங்கி மேலாளரோ பன்றி வளர்ப்பவனோ.
இரும்பு அளவுகோலை
உள்ளங்கையில் தேய்த்துச் சூடேற்றிய பிறகுதான்
பாதத்துக்கு அடியில் வைப்பார்.

அவர் பாதத்தை நான் பார்த்ததே இல்லை.
முனையில் கம்பளி அடைத்த ஜோடு,
நடையில் சிறு தயக்கம்.
ஊருக்கே தெரிந்த கதைதான்:
அட்டு என்றொரு தீவு, மே மாதத்திலும் பனி,
தண்ணீரை உறிஞ்சும் தோல் பூட்ஸ்,
ஏழு விரல்கள்.
"மீதி மூன்று இருக்கிறதே,
கால்விரலாலா பியானோ வாசிக்கப் போகிறேன்?" என்பார்.
அதற்கு மேல் கேட்டால்
லேஸ் கோக்கத் தொடங்கிவிடுவார்.

நல்லவர் என்று மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும்.
ஏழு வருஷம் என் சம்பளத்தை ஏற்றவில்லை.
நான் அறையைவிட்டு வெளியே வருமுன்
விளக்கை அணைத்துவிடுவார்.
பண்ணைகள் ஏலம் போன வருஷங்களில்
யாருக்கும் பாக்கிக் கடிதம் போடாதே என்றவர்
கடித உறைகள் மிச்சம் என்று
அதிலும் ஒரு லாபம் சொன்னார்.

நினைவு நாள் ஊர்வலத்துக்குக் கூப்பிட்டால் போகமாட்டார்.
அன்று கடை திறந்திருக்கும்.
புது ஜோடு கடித்துக் கொப்புளம் கண்ட
ட்ரம்பெட் பிள்ளைகள் நொண்டிக்கொண்டு வருவார்கள்,
ஒட்டுப் பட்டை காசில்லை.
வாசலில் கொடி போகும்போது
பல்லிடுக்கில் கத்தரிக்கோலோடு
யாரோ ஒரு பையனின் குதிகாலைப் பிடித்திருப்பார்.

ஒவ்வொரு ஜனவரியிலும் புதுப் பேரேட்டை
என்னிடம் தருமுன் முதல் வரியை அவரே எழுதுவார்.
'வெண்டல். பூட்ஸ் ஒரு ஜோடி. பற்று.'
தொகைக்கான இடம் காலி.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது,
இரட்டைப் பதிவு முறையில் சான்றிதழ் வாங்கிய திமிர்.
"பழைய பாக்கியா? நினைவூட்டல் அனுப்பட்டுமா?"
"வேண்டாம். தர வேண்டியவன் நான்."
"அப்படியானால் தப்பான பக்கத்தில் இருக்கிறது."
சிவப்பு மையால் அடித்து வரவில் எழுதினேன்.
ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த ஜனவரியில் மறுபடியும் பற்று.

ஆல்மா இறப்பதற்கு முந்தின இலையுதிர்காலம்
பட்டாணி உரித்துக்கொண்டே சொன்னாள்:
வெண்டல் கழற்றிக் கொடுத்ததா,
வெண்டல் போன பிறகு இவர் கழற்றியதா,
அவளிடமும் சொன்னதில்லையாம்.
"அந்த ஜோடும் ஈரம்தானாம்,"
கிண்ணத்தைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

நெடுஞ்சாலையில் பெரிய கடை வந்தது.
அங்கே யாரும் மண்டியிடவில்லை, விலை பாதி.
இரண்டு வருஷம் தாக்குப்பிடித்தார்,
பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
ஜன்னலுக்குக் காகிதம் ஒட்டினோம்.
அளவுகோலை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போனார்.

தொண்ணூற்றேழு வயது. பிப்ரவரி.
சவ அடக்கக்காரர் போனில் கேட்டார்,
"பெட்டியின் கீழ்ப்பாதி மூடியேதான் இருக்கும்,
ஜோடு தேவையா?"
கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி கொண்டுபோனேன்.
ஒன்றின் மேல் ஒன்றாகப் போடுங்கள் என்றேன்.
காயவைத்துத்தான் கொண்டுவந்தேன், அதையும் சொன்னேன்.
ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

அடக்கம் முடிந்து வீட்டில் காபி.
உள்ளே நாற்பது பேர் கால் உறையோடு நின்று
உருளைக்கிழங்குச் சூட்டில் மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்கள்.
முன்னறையில் அவர்கள் கழற்றிப்போட்ட பூட்ஸ்
ஒன்றன்மேல் ஒன்றாக, பனி உருகிச் சேறு.
குனிந்து ஒவ்வொரு ஜோடியாகப் பிரித்தேன்.
ஒன்பது. பத்தரை. ஏழு, அகலம் கூடியது.
நாக்கை வெளியே இழுத்து
வாய் வெப்பக்குழாயைப் பார்க்கும்படி
திருப்பித் திருப்பி வைத்தேன்.
யாரோ உள்ளிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள்.
இன்னும் பதினொரு ஜோடி இருந்தது.